தாலுகா ஆபீஸ் பேசும் அரபும் பாரசீகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்திரம் எழுதுவது என் தொழில். புதுப் பத்திரம் எழுத வருகிறவர்களைவிட, பாட்டன் காலத்துப் பத்திரத்தை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துவந்து, "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்கிறவர்களுக்காகத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குகிறேன். எழுத்தெல்லாம் தமிழ்தான், வாசித்தும் விடுகிறார்கள். ஆனால் பசலி, பைமாஷ், அயன், மிராசு, தஸ்தாவேஜு என்று வரிக்கு ஒரு சொல் காலைத் தடுக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை அரபும் பாரசீகமும். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

தமிழ்நாட்டுக் கச்சேரிகளுக்கு, அதாவது அரசு அலுவலகங்களுக்கு, இந்தச் சொற்கள் எப்படி வந்தன?

ஆட்சியோடு வந்தன. 17ஆம் நூற்றாண்டில் பிஜப்பூர், கோல்கொண்டா சுல்தான்களின் படைகள் தெற்கே இறங்கின. 1698இல் செஞ்சிக் கோட்டை முகலாயர் கைக்குப் போனது. பிறகு ஆற்காட்டு நவாபுகள். இவர்கள் எல்லோருக்கும் அலுவல் மொழி பாரசீகம். தஞ்சையில் 1676 முதல் ஆண்ட மராட்டியர்கள் மராத்தியில் கணக்கு எழுதினாலும், அந்த மராத்திக் கணக்கே பாரசீகச் சொற்களால் நிறைந்தது. 1801இல் கர்நாடக நவாபின் நாட்டை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டபோது, வரி போடும் முறையை மாற்றினார்களே தவிர சொற்களை மாற்றவில்லை. குடியானவனுக்குப் பழகிய சொல்லில் கேட்டால்தான் வரி வந்து சேரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சரி, அது பாரசீகம் என்றால் அரபு எங்கிருந்து வந்தது?

பாரசீகத்துக்குள்ளிருந்துதான். சமயம், சட்டம், கணக்கு ஆகியவற்றுக்கு வேண்டிய சொற்களைப் பாரசீகம் அரபியிலிருந்து மூட்டை மூட்டையாக எடுத்துக்கொண்டது. ஆகவே நம் தாலுகா ஆபீஸ் அரபு, ஈரான் வழியாகச் சுற்றி வந்த அரபு. இதற்கு ஒலியிலேயே சான்று இருக்கிறது.

அரபியில் 'ளாத்' என்று ஓர் எழுத்து உண்டு. நாக்கைப் பல்லோரம் அழுத்தி, கனமான டகரம் போலவோ ளகரம் போலவோ ஒலிப்பார்கள். அதே எழுத்து பாரசீகர் வாயில் ஆங்கில 'இசட்' ஒலியாகிவிடும். தமிழில் அந்த ஒலி இல்லாததால் நாம் ஜகரமாக்கிக் கொண்டோம். ளாமின் என்ற அரபுச் சொல் ஜாமீன் ஆனது. ளப்த், ஜப்தி ஆனது. ளில்உ, ஜில்லா ஆனது. இந்தச் சொற்கள் எல்லாம் தரைவழி வந்தவை.

கடல்வழியும் ஒன்று இருந்தது. காயல்பட்டினம், கீழக்கரைக் கரைகளில் அரபு வணிகர்களோடு நேராகப் பழகிய தமிழ் முஸ்லிம்கள் அதே எழுத்தை ளகரமாகவும் லகரமாகவும் காதால் வாங்கினார்கள். அதனால்தான் தொழுகைக்கு முன் கைகால் கழுவுவதை அவர்கள் 'ஒளு' என்கிறார்கள்; உருது பேசுகிறவர் 'வுஸூ' என்பார். நாட்காட்டியில் ஒரே மாதத்தை ரம்ஜான் என்றும் ரமலான் என்றும் பார்க்கிறீர்களே, முதலாவது பாரசீகம் வழியாகத் தரையில் வந்தது, இரண்டாவது கப்பலில் வந்தது.

ஒரு சொல் அரபா, பாரசீகமா என்று அடையாளம் காண வழி உண்டா?

ஓரளவு உண்டு. அரபுச் சொல் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து வேரில் நிற்கும். அந்த மூன்று எழுத்தும் அப்படியே இருக்க, உயிரெழுத்துகளும் முன்னொட்டும் மாற மாறப் புதுச் சொற்கள் பிறக்கும். பாரசீகம் நம்மைப் போல ஒட்டவைக்கும் மொழி. 'தார்' என்றால் வைத்திருப்பவர், 'நாமா' என்றால் எழுத்து, ஆவணம், 'பந்தி' என்றால் கட்டுதல், 'பே' என்றால் இல்லாத, 'தஸ்த்' என்றால் கை. இவற்றில் ஏதாவது ஒன்று சொல்லில் தென்பட்டால் அங்கே பாரசீகக் கை பட்டிருக்கிறது.

பல சொற்கள் இரண்டும் கலந்தவை. 'ஜமா' அரபு, மொத்தம் என்று பொருள். 'பந்தி' பாரசீகம். மொத்தத்தைக் கட்டுவது ஜமாபந்தி, தாலுகாவில் ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை. 'தஸ்கத்து' என்ற பழைய சொல்லில் கை பாரசீகம், 'கத்' என்ற கோடு அரபு. கைக்கோடு, அதாவது கையெழுத்து. ஆவணத்தைக் குறிக்கும் தஸ்தாவேஜிலும் அதே கைதான் இருக்கிறது: கையால் பற்றிக்கொள்ளும் பிடிமானம். நிலத்தகராறில் மாட்டிக்கொண்ட யாருக்கும் இதைவிடப் பொருத்தமான பெயர் தோன்றாது.

உங்களுக்கு மிகவும் பிடித்த சொல் எது?

ஒன்றல்ல, ஒரு ஜோடி. வசூல், ரசீது.

சில ஆண்டுகளுக்கு முன் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா வந்தார். வீட்டுக்காரர் இறந்துவிட்டார், பங்காளிகள் இரண்டு ஏக்கருக்கு வழக்குப் போடப் போகிறார்கள். பையில் சணல் கயிறு கட்டிய ஒரு கத்தை. பிரித்தால் அத்தனையும் கிஸ்தி ரசீது, நிலவரி கட்டியதற்கான சீட்டு. மேலே இருந்தவை செல்லரித்திருந்தன. மாமனார் பெயரில் தொடங்கி வீட்டுக்காரர் பெயர் வரை, இடையில் ஓரிரு பசலி (வருவாய் ஆண்டு) தவிர வரிசையாக இருந்தன. "இது வெறும் காயிதமா தம்பி, இல்ல ஏதாச்சும் ஆகுமா?" என்று கேட்டார். வரி ரசீது மட்டும் நிலத்தை உங்களுடையதாக்கிவிடாது, ஆனால் நிலம் யார் அனுபவத்தில் இருந்தது என்று காட்ட இது பெரிய ஆதாரம், ஒன்றைக்கூடத் தொலைத்துவிடாதீர்கள் என்று சொன்னேன்.

அன்று இரவு அந்த இரண்டு சொற்களையும் தேடிப் பார்த்தேன். வசூல் என்பது அரபு வுஸூல்: வந்து சேர்தல். ரசீது என்பது பாரசீக ரஸீத்: வந்து சேர்ந்தது. ஒரே பொருளை இரண்டு மொழியில் சொல்லி, ஒன்றை வாங்குகிறவர் வேலைக்கும் மற்றொன்றைக் கொடுத்தவர் கையில் மிஞ்சும் தாளுக்கும் பெயராக வைத்திருக்கிறோம். "வந்து சேர்ந்தது" என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட வாக்கைத்தான் அந்த அம்மா இத்தனை வருடம் பெட்டிக்கடியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

தாசில்தாருக்கும் மகசூலுக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு, ஒரே வேர். ஹ-ஸ-ல் என்ற அரபு வேருக்குக் கிடைத்தல், விளைந்து வருதல் என்று பொருள். வயலில் கிடைத்தது மஹ்ஸூல், நம் மகசூல். அதைத் திரட்டுவது தஹ்ஸீல். அந்தப் பொறுப்பை வைத்திருப்பவர் தாசில்தார். உழவனும் அதிகாரியும் ஒரு வேரின் இரண்டு கிளையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மிராசுதார் என்றால் பணக்காரர் என்றுதானே பொருள்?

தஞ்சாவூர் வழக்கில் அப்படி ஆகிவிட்டது. மூலப் பொருள் வேறு. மீராஸ் என்றால் பரம்பரையாக வந்த உடைமை. அதே வேரில் பிறந்த இன்னொரு சொல் வாரிஸ், நம் வாரிசு. வாரிசுக்குப் போய்ச் சேர்வது மிராசு. பழைய ஆவணத்தில் 'மிராசு பாத்தியம்' என்று கண்டால் பரம்பரை உரிமை என்று படியுங்கள். 'வாரிசுச் சான்றிதழ்' வாங்க வரிசையில் நிற்கும் ஏழையும் அந்தச் சொல்லின் சொந்தக்காரர்தான்.

ஜாமீனும் ஜமீனும் ஒன்றா?

இல்லை. ஜமீன் பாரசீகம்: நிலம், தரை. ஜாமீன் அரபு: பொறுப்பேற்பவர், பிணை நிற்பவர். அரபியில் ஜாமீன் என்பது ஆளைக் குறித்தது. "அவனுக்கு நான் ஜாமீன்" என்று கிராமத்தில் சொல்வது அந்தப் பழம்பொருள். "ஜாமீன் கிடைத்தது" என்று செய்தித்தாள் எழுதுவது பின்னால் வந்தது.

கைது, வாய்தா, தாக்கல் இவையெல்லாம் தமிழ்தானே?

எனக்கும் நெடுநாள் அப்படித்தான் நினைப்பு. கையைப் பிடிப்பதால் கைது, வாயால் தருவதால் வாய்தா என்று யாரோ சொல்லக் கேட்டு நம்பியிருந்தேன். மூன்றுமே அரபு.

கைத் என்றால் விலங்கு, தளை. அதிலிருந்து கைது, கைதி. தமிழின் 'கை' ஒலியோடு பொருந்திப்போனது தற்செயல். அந்தப் பொருத்தத்தால்தான் சொல் இவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டது. வாய்தா என்பது வஃதா: வாக்குறுதி. முன்பு கிஸ்தி கட்ட வேண்டிய கெடுவுக்கும் வாய்தா என்றே பெயர், "இந்தத் தேதிக்குள் கட்டுகிறேன்" என்று கொடுத்த வாக்கு. இன்று கோர்ட்டில் வழக்குத் தள்ளிப்போகும் தேதிக்கு அது நிலைத்துவிட்டது. தாக்கல் என்பது தாகில், உள்ளே நுழைதல். மனுவைத் தாக்கல் செய்வது அதைக் கச்சேரிக்குள் நுழைப்பது. தாக்குதலோடு அதற்கு உறவில்லை.

இன்னும் சில உண்டு. அத்துமீறலில் இருக்கும் அத்து, ஹத் என்ற அரபு எல்லை. ஆஜர், மகஜர் இரண்டும் முன்னிலையில் இருத்தல் என்ற ஒரே வேரில் வந்தவை. ரத்து என்றால் திருப்பி அனுப்புதல்.

பழைய பத்திரத்தில் 'பசலி 1341' என்றிருக்கிறது. எந்த வருடம்?

590ஐக் கூட்டுங்கள். 1341 + 590 = 1931. அதாவது 1931 ஜூலை 1 முதல் 1932 ஜூன் 30 வரை. தமிழ்நாட்டு வருவாய்க் கணக்கு இன்றும் இதில்தான் நடக்கிறது. 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435.

பஸ்ல் என்றால் பருவம், அறுவடை. ஹிஜ்ரி ஆண்டு நிலாவைப் பார்த்து நடப்பது, 354 நாள் சொச்சம். வருடா வருடம் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். நெல் நிலாவைப் பார்த்து விளைவதில்லையே. அறுவடைக்கு முன்னால் வரிக்கெடு வந்து நின்றால் குடியானவன் எங்கே போவான்? ஆகவே முகலாயர் காலத்தில் ஹிஜ்ரி எண்ணை எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்து அதைச் சூரிய ஆண்டாக எண்ணத் தொடங்கினார்கள். அரசாங்கத்தின் நாட்காட்டியை வயலுக்கு இணங்க வைத்த ஏற்பாடு இது. வடநாட்டுப் பசலிக்குக் கணக்கு சற்று மாறும். நம் பத்திரங்களுக்கு 590 போதும்.

பைமாஷ், அயன் என்பவை?

பைமாயிஷ் என்ற பாரசீகச் சொல்லுக்கு அளத்தல் என்று பொருள். சர்வே எண் வருவதற்கு முந்தைய அளவையில் நிலத்துக்குக் கொடுத்த எண் பைமாஷ் நெம்பர். பழைய பத்திரத்தில் அதுமட்டும் இருந்தால், இன்றைய சர்வே எண்ணோடு இணைத்துக் காட்டும் பதிவேட்டைத் தேடியே ஆக வேண்டும். இங்கே அலட்சியம் செய்தவர்கள் வேறொருவர் நிலத்தைத் தம்முடையதென்று சண்டை போட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அயன் என்பது அரபு அய்ன். கண் என்பது ஒரு பொருள்; அசலானது, அதுவே என்பது இன்னொரு பொருள். இடையில் ஜமீன்தாரோ இனாம்தாரோ இல்லாமல் அரசாங்கத்துக்கு முழுத்தீர்வை நேராகக் கட்டும் நிலம் அயன் நிலம்.

ஊர்ப் பெயருக்கு முன்னால் ஜமீன், இனாம், அயன் வருவது இதனால்தானா?

ஆமாம். ஜமீன் பல்லாவரம், ஜமீன் ஊத்துக்குளி, இனாம் கரூர், இனாம்குளத்தூர், அயன் வடமலாபுரம். அந்த ஊர் மண்ணின் வரி யாருக்குப் போனது என்பதை அந்த முன்சொல் சொல்கிறது. இனாம் என்றால் அரபியில் அருட்கொடை. கோயிலுக்கோ, பள்ளிவாசலுக்கோ, ஊழியத்துக்கோ வரியை விட்டுக்கொடுத்த ஊர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஜமீன்கள் போயின, 1963ஆம் ஆண்டுச் சட்டங்களோடு இனாம்களும் போயின. எல்லாம் ரயத்துவாரி ஆயிற்று. பஸ் போர்டில் மட்டும் பழைய வரிக்கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

ரயத்து என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரஇய்யத் என்றால் மேய்ப்பவனின் பாதுகாப்பில் உள்ள மந்தை. அதிலிருந்து அரசனின் குடிமக்கள். 1792க்குப் பின் பாரமகாலில், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதியில், அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் குடியானவரோடு நேராகப் பேசி வரி நிர்ணயித்த முறைக்கு இந்தச் சொல்தான் பெயராக அமைந்தது.

ஆசாமி, பினாமி இரண்டிலும் 'ஆமி' ஒலிக்கிறதே?

ஒலி ஒற்றுமை தற்செயல், பொருள் ஒற்றுமை உண்மை. இரண்டும் பெயரைப் பற்றியவை. அரபியில் இஸ்ம் என்றால் பெயர், அதன் பன்மைகளில் ஒன்று அஸாமி. வரிப் பட்டியலில் இருந்த பெயர்கள் அஸாமிகள். பெயர் ஆளுக்கு ஆகி, ஆள் நம் வாயில் "ஒரு மாதிரி ஆசாமி" ஆகிவிட்டார். பினாமி பாரசீகம்: பே நாம், பெயரில்லாதது. நிலத்துக்கு உண்மையில் பணம் கொடுத்தவர் பெயர் பத்திரத்தில் இல்லை என்பதே மூலப் பொருள். இன்று பத்திரத்தில் பெயர் இருப்பவரையே பினாமி என்கிறோம். சொல் தலைகீழாகிவிட்டது.

ராஜினாமாவில் ராஜா எங்கே?

ராஜா இல்லை, ராஜி. அரபு ராளி, பாரசீக வாயில் ராஸி: மனம் ஒப்பியவர். "ரெண்டு பேரும் ராசியாப் போயிட்டாங்க" என்கிறோமே, அந்த ராசி. நாமா சேர்ந்தால் சம்மதக் கடிதம். வழக்காடிய இருவர் சமாதானமாகி எழுதிக் கொடுப்பதும் ராஜிநாமா, குடியானவன் தன் நிலத்தை மனமொப்பி விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுப்பதும் ராஜிநாமா. விட்டுவிடுவது என்ற பொருள் அங்கிருந்து பதவிக்குத் தாவியது. பழைய கோர்ட் காகிதத்தில் இந்தச் சொல்லைக் கண்டு, யாரோ வேலையை விட்டார் என்று படித்துவிடாதீர்கள்.

ஆங்கிலத்தில் பொருள் பார்த்தால் போதாதா?

உதவும், போதாது. கம்பெனி அதிகாரிகளுக்கு இந்தச் சொற்கள் புரியாமல் பெரும் திண்டாட்டம். அதனாலேயே சொற்பொருள் ஏடுகளைத் தொகுத்தார்கள். 1855இல் லண்டனில் வெளியான ஹோரஸ் ஹேமன் வில்சனின் நீதி, வருவாய்ச் சொற்கோவை அவற்றில் பெரியது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அது சொல்வது, அன்றைய கச்சேரியில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை என்பது. மூலத்தில் என்ன பொருள், தமிழன் வாயில் என்ன ஆனது என்று தெரிய இன்னும் இரண்டு அடி எடுத்து வைக்க வேண்டும்.

பந்தோபஸ்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாரசீகத்தில் கட்டுதலும் பிணைத்தலும், அதாவது ஏற்பாடு. ஆங்கிலச் சொற்கோவையில் வரி நிர்ணயம், 'செட்டில்மென்ட்'. தமிழில் திருவிழாவுக்கு நிற்கும் போலீஸ். இருநூறு வருடத்துக்கு முந்தைய வருவாய்க் காகிதத்தில் 'பந்தோபஸ்து' என்று வந்தால் எந்தப் பொருளை எடுப்பீர்கள்?

அமீனா இன்னொன்று. அமீன் என்றால் நம்பிக்கைக்குரியவர். ஆங்கிலத்தில் 'பெய்லிஃப்'. நம் ஊரில் அண்டா குண்டாவை ஜப்தி செய்ய வாசலில் வந்து நிற்கிறவர். முன்சீப் என்ற சொல்லின் வேரில் பாதி என்ற பொருள் இருக்கிறது. இரு தரப்புக்கும் சரிபாதியாகப் பகிர்பவர் நீதி வழங்குபவர். சிரஸ்தார் என்பவர் 'சர் ரிஷ்தா தார்', நூலின் தலைப்பைப் பிடித்திருப்பவர். சிக்கல் விழுந்த நூற்கண்டைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், நுனி அகப்பட்டால்தான் மற்றதெல்லாம் வரும். கச்சேரிப் பதிவேடுகளைக் காப்பவருக்கு எவ்வளவு அழகான பெயர்! சட்டமன்றத்து மசோதாவுக்கு மூலப்பொருள் 'கறுப்பாக்கப்பட்டது', மையால் எழுதிய முதல் வரைவு. இவற்றில் எதையும் ஆங்கிலச் சொல் ஒன்றைப் பக்கத்தில் எழுதிவிட்டுக் கடந்துபோக முடியாது.

ஆங்கிலமே இவர்களிடம் வாங்கியிருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். நம் கஜானாவின் வேரில்தான் 'மேகசின்' பிறந்தது, முதலில் கிடங்கு, பிறகு பத்திரிகை. வங்கி 'செக்'கின் வரலாற்றைத் தோண்டினால் சதுரங்கப் பலகையில் நிற்கும் பாரசீக ஷா தட்டுப்படுவார்.

மாமூல் என்றால் லஞ்சமா?

வழக்கமானது என்றுதான் பொருள். அமலுக்கு வருகிறது என்கிறோமே, அந்த அமல், செயல். அடிக்கடி செய்யப்பட்டுப் பழகியது மாமூல். வெள்ளம் வடிந்தபின் "மாமூல் வாழ்க்கை திரும்பியது" என்பது சரியான பொருள். வழக்கமாகக் கொடுப்பது என்ற பெயரில் அநியாயம் நுழைந்து சொல்லைக் கெடுத்துவிட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

பட்டா, சிட்டா, புறம்போக்கு?

அரபோ பாரசீகமோ அல்ல. பட்டா வடமொழி, சிட்டா இந்தி, மராத்திப் பக்கத்தது, அடங்கலும் புறம்போக்கும் நல்ல தமிழ். புறம்போக்கை ஆங்கிலேயர் நம்மிடம் வாங்கித் தங்கள் சட்டத்தில் எழுதிக்கொண்டார்கள். உறுதியளித்து எழுதிக் கொடுக்கும் பத்திரமான முச்சலிக்கா துருக்கியப் பக்கத்திலிருந்து வந்தது.

இவற்றை நீக்கித் தமிழ்ச் சொற்களை வைப்பது நல்லதில்லையா?

அரசாங்கம் தாசில்தாரை வட்டாட்சியர், பிர்காவைக் குறுவட்டம், ஜமாபந்தியை வருவாய்த் தீர்வாயம் என்று எழுதுகிறது. நல்ல சொற்கள், புதுப் பத்திரங்களில் நானும் அப்படியே எழுதுகிறேன். படிக்கும் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது. ஆனால் பழைய சொல்லைத் தெரியாமலே ஒரு தலைமுறை வளர்ந்தால், பாட்டன் எழுதி வைத்ததை இன்னொருவர் வாயால்தான் கேட்க வேண்டும். சொன்னவர் தவறாகச் சொன்னால் நிலம் போய்விடும். எழுதப் புதிய சொல், படிக்கப் பழைய சொல், இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து.

தவிர, தமிழ் இவற்றை வாங்கிச் சும்மா வைத்திருக்கவில்லை. 'தார்' என்ற ஒட்டைப் பாருங்கள். பாரசீகத்திலிருந்து தாசில்தாரோடு வந்தது. நாம் அதற்கு 'அர்' சேர்த்து மரியாதை கொடுத்து, பங்குதாரர், மனுதாரர், அட்டைதாரர், ஒப்பந்ததாரர் என்று ஈரானில் யாரும் கேட்டிராத சொற்களைச் செய்துகொண்டோம். நக்ல் நம் நாவில் நகல் ஆனது, அஸ்ல் அசல் ஆனது. இரண்டு மெய் மோதும் இடத்தில் ஓர் உயிரைச் செருகித் தமிழாக்கினோம்.

கடைசியாக, 'பதில்' தமிழா?

இதுவும் அரபுதான். பதல் என்றால் மாற்று, ஒன்றுக்கு ஈடாகக் கொடுப்பது. "அவருக்குப் பதிலாக இவர்" என்னும்போது மூலப்பொருள் அப்படியே இருக்கிறது. கேள்விக்கு ஈடாகக் கொடுப்பது பதில். அரபியில் கேள்விக்குச் சுஆல் என்று பெயர். அது உருது வழியாகச் சவால் என்று நம்மிடம் வந்து, கேள்வி என்ற பொருளை வழியில் விட்டுவிட்டு, மல்லுக்கு அழைப்பதாக மாறிவிட்டது.